காகிதத்தைச் சுரண்டும் ஓவியர்

மார்க் பிராட்ஃபோர்டைப் பற்றி யார் எழுதினாலும் அவர் தலைமுடி அலங்காரம் செய்துகொண்டிருந்தார் என்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். நல்ல கதைதான், மறுப்பதற்கில்லை. தெற்கு லாஸ் ஏஞ்சலிஸில் அம்மாவின் பியூட்டி பார்லரில் தலை அலசி, சாயம் போட்டு, முடி சுருட்டிவிட்டுக்கொண்டிருந்த ஒரு கறுப்பின இளைஞர் முப்பது வயதில் ஓவியக் கல்லூரிக்குப் போகிறார். நாற்பதை நெருங்கும்போது கவனிக்கப்படுகிறார். இன்று அமெரிக்காவின் மிக முக்கியமான அரூப (அப்ஸ்ட்ராக்ட்) ஓவியர்களில் ஒருவர். பத்திரிகைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் ‘உழைப்பால் உயர்ந்த உத்தமர்’ கணக்கில் இதை எழுதி முடிப்பவர்கள் அந்தப் பார்லரைச் சரியாகப் பார்ப்பதில்லை என்பது என் எண்ணம். அவர் எதை வைத்து வரைகிறார், எப்படி வரைகிறார், கையை எப்படி அசைக்கிறார் என்பதெல்லாம் அங்கேயிருந்து வந்தவை. அதனால் நானும் பார்லரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு காகிதத்துக்காக.

முடியை ரசாயனம் போட்டுச் சுருளாக்கும் பெர்ம் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் காகிதம் தெரிந்திருக்கும். முடியைச் சிறுசிறு கற்றைகளாகப் பிரித்து, பிளாஸ்டிக் உருளையில் சுற்றுவதற்கு முன்னால், ஒவ்வொரு கற்றையின் நுனியையும் சின்னத் துண்டுக் காகிதத்தில் மடித்துப் பிடிப்பார்கள். எண்ட் பேப்பர் என்று பெயர். நீள்சதுரம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லியது. நுனிமுடி மடங்கிப் போகாமலும் ரசாயனத்தில் கெடாமலும் இருக்க இந்த ஏற்பாடு. ஒரு தலைக்கே ஏகப்பட்ட காகிதம் தேவைப்படும். ஈரமாகும், கசங்கும், வேலை முடிந்ததும் குப்பைக்குப் போகும். விலை மிகவும் மலிவு. பெயின்ட் வாங்கக் கையில் காசில்லாத ஓவியருக்கு முக்கியமான விஷயம் இதுதான்.

பிராட்ஃபோர்ட் 1961இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தார். அம்மா முடி அலங்காரக் கலைஞர். பின்னாளில் லைமெர்ட் பார்க் என்ற கறுப்பினத்தவர் பகுதியில் சொந்தமாகப் பார்லர் வைத்தார். மகன் சிறு வயதிலிருந்தே அங்கே எடுபிடி. விலைப் பலகை எழுதுவது அவர் வேலைகளில் ஒன்று. வளர்ந்து ஆறரை அடிக்கும் மேல் உயரமானார். பார்ப்பவர்கள் எல்லாரும் கூடைப்பந்து ஆடுவாயா என்று கேட்டார்களாம், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அவர் தன்பாலீர்ப்பாளர். எண்பதுகளில், எய்ட்ஸ் நோய் அவரைச் சுற்றியிருந்தவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோனபோது, இளைஞராக இருந்தவர். முடி அலங்காரத்தில் சேர்த்த காசில் ஐரோப்பாவுக்குப் போய்த் திரிந்துவிட்டு வருவார், காசு தீர்ந்தால் மறுபடி பார்லர். முப்பது வயது வாக்கில் கால்ஆர்ட்ஸ் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். 1995இல் இளநிலை, 1997இல் முதுநிலை. பட்டம் வாங்கிய பிறகும் முடி சுருட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அப்போதுதான் எண்ட் பேப்பர் கேன்வாஸுக்கு வந்தது. வரிசை வரிசையாக ஒட்டிப் பார்த்தார். ஒட்டினால் ஒன்றோடொன்று கரைந்துபோய்க் கோடே தெரியவில்லை, அவ்வளவு மெல்லிய காகிதம். அதனால் ஒவ்வொரு காகிதத்தின் ஓரத்தையும் நெருப்பில் லேசாகக் கருக்கினார். கருகிய ஓரம் கோடாகிவிட்டது. பென்சில் தேவைப்படவில்லை. நூற்றுக்கணக்கான காகிதங்கள், ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, ஓரம் கருக்கி, ஒட்டி, மேலே முடிச்சாயம் பூசி… பகலில் பார்லரில் செய்யும் வேலையைத்தான் இரவில் கேன்வாஸிலும் செய்துகொண்டிருந்தார். தள்ளி நின்று பார்த்தால் அமைதியான, வெளிறிய கட்டங்கள். எல்லாவற்றையும் குறைத்து எளிய வடிவங்களோடு நிறுத்திக்கொண்ட அறுபதுகளின் அமெரிக்க மினிமலிஸ்டுகள் பென்சிலால் கோடு போட்ட அந்தச் சுத்தமான கட்டங்கள் நினைவுக்கு வரும். கிட்டத்தில் போனால் ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பும் தீய்ந்திருக்கும். கலை வரலாற்றின் கட்டம் ஒரு பக்கம், பெண்கள் உட்கார்ந்து வம்பு பேசும் பார்லர் நாற்காலி இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே பரப்பில்.

2001இல் நியூயார்க்கின் ஹார்லெமில், ஸ்டுடியோ மியூசியத்தில், அதன் கண்காட்சிப் பொறுப்பாளர் தெல்மா கோல்டன் ‘ஃப்ரீஸ்டைல்’ என்றொரு கண்காட்சி வைத்தார். 28 கறுப்பினக் கலைஞர்கள், பெரும்பாலும் புதுமுகங்கள். பிராட்ஃபோர்டின் எண்ட் பேப்பர் ஓவியங்கள் அதில் இடம்பெற்றன. அவற்றில் ஒன்று ‘என்டர் அண்ட் எக்ஸிட் த நியூ நீக்ரோ’. 2000இல் செய்தது. தலைப்பிலேயே குறும்பு உண்டு. நியூ நீக்ரோ என்பது 1920களின் ஹார்லெம் மறுமலர்ச்சி என்ற கறுப்பினக் கலை இலக்கிய எழுச்சிக் காலத்துப் பெருமிதச் சொல். இவர் அதற்கு ஒரு நுழைவாசலும் ஒரு வெளிவாசலும் வைத்துவிட்டார். அந்தக் கண்காட்சியை ஒட்டித்தான் ‘போஸ்ட் பிளாக்’ என்ற பேச்சு பரவியது. கறுப்பினக் கலைஞர் என்ற அடையாளத்துக்குள் அடைபட மறுத்துக்கொண்டே அந்த அடையாளத்தோடு விளையாடுகிறவர்கள் என்று பொருள் சொன்னார்கள். அந்தச் சொல்லை வைத்து அப்புறம் எத்தனையோ சண்டை நடந்தது. அது நமக்கு வேண்டாம்.

சரி, ஏன் அரூபம்? தொண்ணூறுகளில் ஒரு கறுப்பின, தன்பாலீர்ப்புக் கலைஞரிடம் அமெரிக்கக் கலை உலகம் எதிர்பார்த்தது வேறு. உன் உடம்பைக் காட்டு, உன் காயத்தைச் சொல், உன் அடையாளத்தைப் பேசு. அதையெல்லாம் உருவமாக வரைந்து கொடுத்திருந்தால் வாங்க ஆளிருந்தது. இவர் உருவமே இல்லாத பக்கம் போனார். ஆனால் அந்தப் பக்கமும் காலி மனையாக இல்லை. ஜாக்சன் போலக், மார்க் ரோத்கோ போன்ற அரூப ஓவியப் பெரும்புள்ளிகள் உட்கார்ந்திருந்த இடம் அது. வெள்ளைக்கார ஆண்கள் தங்கள் மனதின் ஆழத்தை மேலே கொட்டிய இடம். 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை அடித்துக் கொன்று ஆற்றில் வீசியபோது, நியூயார்க்கில் அரூப ஓவியம் புகழின் உச்சியில் இருந்தது. அந்தக் கேன்வாஸ்களில் இந்தக் கொலையின் சுவடே இருக்காது, இருக்க வேண்டும் என்று யாரும் கேட்டதுமில்லை. பிராட்ஃபோர்ட் தன் வேலையை ‘சோஷியல் அப்ஸ்ட்ராக்‌ஷன்’ என்று சொல்லிக்கொள்கிறார். சமூக அரூபம் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அது கேன்வாஸில் நடக்கிறதா, பேச்சில் மட்டும் நடக்கிறதா என்பதுதான் அவர் படைப்புகள் ஒவ்வொன்றின் முன்னாலும் எனக்கு எழும் கேள்வி. பல இடங்களில் நடக்கிறது. சில இடங்களில் இல்லை.

உடம்பை அவர் ஒரேயடியாக ஒளித்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. 2003இல் ‘பிராக்டிஸ்’ என்றொரு வீடியோ எடுத்தார். லாஸ் ஏஞ்சலிஸின் கூடைப்பந்து அணியான லேக்கர்ஸின் மஞ்சளும் ஊதாவுமான சீருடை. இடுப்புக்குக் கீழே அதே நிறத்தில், அடிமை முறைக் காலத்துப் பண்ணை வீட்டுச் சீமாட்டிகள் உடுத்திய, உள்ளே வளையம் வைத்த பிரம்மாண்டமான பாவாடை. அதைக் கட்டிக்கொண்டு தனியாகக் கூடைப்பந்து ஆடுகிறார். காற்று பலமாக அடிக்கிறது. பாவாடை பலூன் போல ஊதிக்கொள்கிறது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிறார், தடுக்கி விழுகிறார், எழுகிறார், மறுபடி ஓடுகிறார், கூடையில் போடுகிறார். உயரமான கறுப்பின ஆள் என்றால் பந்தாடத்தான் வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் இது பதில். பார்த்தால் சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாவாடை எவ்வளவு கனக்கும் என்ற நினைப்பும் கூடவே வரும்.

எண்ட் பேப்பரிலேயே நின்றிருந்தால் ஒரு அழகான சின்ன ஓவியராக முடிந்திருப்பார். தெருவுக்கு வந்ததால்தான் பெரிய ஓவியரானார்.

1992 ஏப்ரலில், ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்கள் விடுதலையானதும் லாஸ் ஏஞ்சலிஸ் பற்றி எரிந்தது. 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தெற்குப் பகுதியில் கடை கடையாகச் சாம்பலானது. எரிந்த மனைகளைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள், பிளைவுட் அடித்தார்கள். அந்த வேலிகளின்மேல் மெல்ல மெல்ல விளம்பரங்கள் முளைத்தன. கொட்டை எழுத்தில், கண்ணைப் பறிக்கும் நிறங்களில். சீக்கிரம் விவாகரத்து வேண்டுமா? கடன் கணக்கைச் சரிசெய்ய வேண்டுமா? பிள்ளை யாருடையது என்று டிஎன்ஏ சோதனை பார்க்க வேண்டுமா? உங்கள் வீட்டை உடனே பணம் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்! கீழே ஒரு போன் நம்பர். இவற்றை பிராட்ஃபோர்ட் வணிகர் சுவரொட்டிகள் என்கிறார். பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத பகுதியில், இல்லாதவர்களின் நெருக்கடியை வைத்துச் சின்னதாகப் பணம் பண்ணும் வியாபாரம் இது. ஒரு தெருவில் எந்தச் சுவரொட்டி அதிகம் என்று பார்த்தாலே அங்கே இருப்பவர்களுக்கு அந்த வருஷம் என்ன கஷ்டம் என்று சொல்லிவிடலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பெல்லாம் அப்புறம்தான் வரும்.

அவற்றை உரித்து ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தார். பிறகு அவர் செய்வதைச் சொன்னால் ஓவியர் வேலையைவிடக் கட்டிட வேலை மாதிரிதான் இருக்கும். சுவரொட்டி, செய்தித்தாள், விளம்பரப் பலகைக் காகிதம், நிறத்தாள் என்று ஈரமாக்கிப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாகக் கேன்வாஸில் ஒட்டுகிறார். நடுநடுவே கயிறு வைத்து மேலே காகிதத்தை ஒட்டுவார், அல்லது ஜன்னல் சந்து அடைக்கும் காக் பேஸ்ட்டால் கோடு இழுப்பார். எத்தனை அடுக்கு என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. எல்லாம் காய்ந்து கெட்டியானதும் மரம் இழைக்கும் சாண்டர் மெஷினை எடுத்துத் தேய்க்க ஆரம்பிக்கிறார். மேலடுக்கு போய்க் கீழடுக்கின் சிவப்பு தெரியும். இன்னும் தேய்த்தால் அதற்கும் கீழே இருக்கும் நீலம். கயிறு புதைந்த இடம் மேடாக இருப்பதால் அங்கே முதலில் தேயும், கோடு தானாக வெளியே வரும். சில இடங்களில் கயிற்றின் நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பார், மேலே உள்ள அத்தனை அடுக்கும் கிழிந்துகொண்டு வரும். தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதும் உண்டு, பிளீச் ஊற்றுவதும் உண்டு. வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் ஹோம் டிப்போவில் கிடைக்காத எதுவும் தனக்குத் தேவையில்லை என்று அவரே சொல்வார்.

சுவரொட்டியைக் கிழித்துக் கலையாக்கியது இவர் முதல் ஆள் இல்லை. ஜாக் வில்லெக்லே, ரேமோன் ஹேன்ஸ் இருவரும் 1949லிருந்து பாரீஸ் தெருக்களில் கிழிந்த சுவரொட்டிகளை எடுத்துவந்து அப்படியே மாட்டினார்கள். ஆனால் அவர்களுடையது கண்டெடுத்த கிழிசல். தெரு ஏற்கெனவே செய்துவைத்ததைச் சட்டம் போட்டார்கள். பிராட்ஃபோர்ட் தானே ஒட்டி, தானே புதைத்து, தானே தோண்டுகிறார். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும், எது எங்கே வெளிப்படும் என்று தெரியாது. திட்டத்துக்கும் தற்செயலுக்கும் நடுவே உள்ள இந்த இழுபறியில்தான் அவர் பாணியின் உயிர் இருக்கிறது.

லண்டன் டேட் மாடர்னில் இருக்கும் ‘லாஸ் மாஸ்கோஸ்’ இதற்கு நல்ல உதாரணம். 2004இல் செய்தது. மூன்று மீட்டருக்கு மேல் உயரம், கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் அகலம். அதன் முன்னால் நான் நின்றபோது முதலில் தோன்றியது விமான ஜன்னல். இரவில் ஒரு பெரிய நகரத்தின்மேல் இறங்கும்போது தெரியும் கருப்பு, அதில் கொத்துக் கொத்தாக வெளிச்சம், தெருக்களின் ஒழுங்கு, ஒழுங்கு உடையும் இடங்கள். கிட்டத்தில் போனதும் வெளிச்சமெல்லாம் காகிதத் துணுக்கு. நகத்தளவு ஆரஞ்சு, ஒரு மஞ்சள் கீற்று, பாதி தேய்ந்த ஒரு எழுத்து. அவர் ஸ்டுடியோவைச் சுற்றிப் பொறுக்கிய காகிதங்கள்தான் அத்தனையும். தலைப்புக்கு ஸ்பானிஷில் ஈக்கள் என்று பொருள். தெருமுனையில் தினக்கூலி வேலைக்காகக் கூடி நிற்கும் குடியேறிகளைக் கேவலமாகச் சொல்லும் பேர் அது. இது பிறகு பக்கத்துக் குறிப்பைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் தெரிவதற்கு முன்பே அந்தப் படத்தில் ஒரு நெரிசல் இருந்தது. ஏராளமான சின்னச் சின்ன விஷயங்கள் இடத்துக்காக முண்டியடித்துக்கொண்டிருந்தன. குறிப்பு அதைக் கூட்டியது. குறிப்பு இல்லாவிட்டாலும் படம் நின்றிருக்கும்.

இதன் பிறகு மேலே ஏறிய வேகம் அதிகம். 2006இல் நியூயார்க் விட்னி மியூசியம் இரண்டு வருஷத்துக்கொரு முறை நடத்தும் விட்னி பைனியல் கண்காட்சி, அதில் பக்ஸ்பாம் விருது. 2009இல் ‘மேதை விருது’ என்று பேர்பெற்ற மக்கார்தர் நிதி. நடுவில் 2008இல், கத்ரீனா புயலில் அழிந்த நியூ ஆர்லியன்ஸின் லோயர் நைன்த் வார்டில் ‘மித்ரா’ என்ற பெயரில் சுமார் 70 அடி நீளப் பேழை ஒன்றைக் கட்டினார். நோவாவின் பேழை. மரமெல்லாம் பழைய பிளைவுட் பலகைகள், மேலே சுவரொட்டிகளின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளம் வந்து மூன்று வருஷம் கழித்து ஊருக்குப் பேழை. கிண்டலா அஞ்சலியா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எனக்கு அதைவிடப் பிடித்தது, 2015இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஹாமர் மியூசியத்தில் அவர் செய்த ஒரு சுவர். சொந்த ஊரில் ஒரு மியூசியத்தில் அவருக்குக் கிடைத்த முதல் தனிக் கண்காட்சி அது. பெயர் ‘ஸ்கார்ச்ட் எர்த்’. ஹாமரின் நுழைவுக்கூடச் சுவரில் ஒவ்வொரு தடவையும் ஒரு கலைஞர் வந்து வரைவார், காலம் முடிந்ததும் அதன்மேல் வெள்ளையடித்துவிட்டு அடுத்தவர் வருவார். பிராட்ஃபோர்ட் எதையும் மேலே வரையவில்லை. சுவரைச் சுரண்டினார். அமெரிக்க வரைபடத்தை, மாநில எல்லைகளோடு, சுண்ணாம்புக்குள் தோண்டினார். ஒவ்வொரு மாநிலத்துக்குள்ளும் ஒரு எண். 2009 முடிவில் அந்த மாநிலத்தில் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேருக்கு எய்ட்ஸ் கண்டறியப்பட்டிருந்தது என்பது அந்த எண். தோண்டிய இடமெல்லாம் முன்னால் வரைந்தவர்களின் நிறங்கள் எட்டிப் பார்த்தன. அவர்களில் ஒருவர் பாரி மெக்கீ. அதனால் சுவருக்குப் பெயர் ‘ஃபைண்டிங் பாரி’. ஒரு நாட்டின் வரைபடம் ஆறாத புண் மாதிரி சுவரில் இருந்தது. எண்பதுகளில் அவர் பறிகொடுத்தவர்களைப் பற்றி ஒரு சொல் அங்கே இல்லை. கண்காட்சி முடிந்ததும் அந்தச் சுவருக்கும் வெள்ளையடித்தாயிற்று.

அவர் பெரியதாகச் செய்தவற்றில் உச்சம் என்று நான் நினைப்பது ‘பிக்கெட்ஸ் சார்ஜ்’. வாஷிங்டனில் ஹிர்ஷ்ஹார்ன் மியூசியம் வட்டமான கட்டிடம், கேலரியும் வளைந்துகொண்டே போகும். அந்த வளைவு முழுக்க எட்டுக் கேன்வாஸ்கள், ஒவ்வொன்றும் 45 அடிக்கு மேல் நீளம். 1863 ஜூலை 3 அன்று கெட்டிஸ்பர்க்கில், அடிமை முறையை விட மறுத்த தெற்கு மாநிலங்களின் படை திறந்த வெளியில் அணிவகுத்து ஏறிப்போய் அழிந்தது. அந்தத் தாக்குதலுக்குத்தான் பிக்கெட்ஸ் சார்ஜ் என்று பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரின் திருப்பம் என்று அதைச் சொல்வார்கள். பால் பிலிப்போத்தோ என்ற பிரெஞ்சு ஓவியர் 1880களில் அந்தப் போரைப் பார்வையாளரைச் சுற்றி வளைக்கும் ஒரு பிரம்மாண்ட வட்ட ஓவியமாகத் தீட்டினார். கெட்டிஸ்பர்க்கில் இன்றும் அதைப் பார்க்கலாம். பிராட்ஃபோர்ட் அதன் படங்களை இணையத்திலிருந்து இறக்கி, விளம்பரப் பலகை அளவுக்குப் பெரிதாக அச்சடித்து, மேலும் கீழும் நிறக் காகித அடுக்குகள் வைத்து, இடையில் கயிறுகளைப் புதைத்து, பிறகு இழுத்தும் வெட்டியும் கிழித்தும் விட்டார்.

அங்கே நடக்கும்போது கண்ணில் படுவது ஒழுங்காக இருக்காது. ஒரு வண்டிச் சக்கரம். பாதி உடம்போடு ஒரு குதிரை. புகை மாதிரி ஏதோ, கிட்டே போனால் அச்சுப் புள்ளிகள். அதன்மேல் இடமிருந்து வலமாகக் கயிறு உருவிய தடங்கள், உழுத வயல்போல வரிவரியாக. சில இடங்களில் காகிதம் நாடா நாடாவாகத் தொங்கும். கை பரபரத்தது, இழுத்துப் பார்க்க. காவலர் நிற்கிறார், முடியாது. ‘செத்த குதிரை’, ‘சாட்சி மரம்’ என்று துண்டுகளுக்கெல்லாம் பெயர் உண்டு. வட்டத்தில் நடப்பதால் ஆரம்பமும் முடிவும் கிடையாது. பழைய வட்ட ஓவியம் உங்களைப் போர்க்களத்தின் நடுவில் நிறுத்தி, இதோ பார் இப்படித்தான் நடந்தது என்று சொல்லும். இது எதையும் சொல்லாது. அடியில் ஒரு வரலாற்றுப் படம் கிடக்கிறது, அதை யாரோ மூடியிருக்கிறார்கள், யாரோ கிழித்திருக்கிறார்கள். இரண்டும் ஒருவரேதான். கண்காட்சி திறந்தது 2017 நவம்பரில். அதற்கு மூன்று மாதம் முன்னால்தான், கெட்டிஸ்பர்க்கில் அந்தப் படையை நடத்திய ஜெனரல் லீயின் சிலையை எடுப்பதா வேண்டாமா என்ற தகராறில் சார்லட்ஸ்வில்லில் ஒரு பெண் கார் ஏற்றிக் கொல்லப்பட்டிருந்தார். நூற்றைம்பது வருஷப் பழைய போர், ஆனால் பழையதாகிவிடவில்லை.

அதே வருஷம்தான் நாடுகள் தங்கள் கலைஞர்களை அனுப்பும் வெனிஸ் பைனியல் கலை விழாவுக்கு அமெரிக்காவின் சார்பில் அவர் போனதும். டிரம்ப் பதவியேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. அமெரிக்க அரங்கம் தூண்களும் குவிமாடமுமாக, அமெரிக்காவின் பழைய அதிபர் ஜெஃபர்சன் கட்டிய மாளிகையை நினைவுபடுத்தும் கட்டிடம். உள்ளே முதல் அறையிலேயே கூரையிலிருந்து ஒரு பெரிய, பொதபொதவென்ற காகித மூட்டை இறங்கித் தொங்கியது. ‘ஸ்பாய்ல்ட் ஃபூட்’ என்று பெயர். நடுவில் நடக்க முடியாது, சுவரோரமாக ஒதுங்கித்தான் போக வேண்டும். விளிம்பில் வாழ்வது என்றால் என்ன என்று பேச்சாகச் சொல்லாமல் அப்படியே நடக்க வைத்துவிட்டார். ஊருக்குள் ஒரு வேலையும் செய்தார். வெனிஸ் சிறைக் கைதிகளுக்கு வேலை கொடுக்கும் ஒரு கூட்டுறவு அமைப்போடு ஆறு வருஷ ஒப்பந்தம் போட்டு, அவர்கள் செய்யும் பைகளையும் அழகுப் பொருள்களையும் விற்கக் கடை திறந்தார். கலை விழா முடிந்து எல்லாரும் ஊர் திரும்பிய பிறகும் கடை நடந்தது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி மியூசியத்துக்காக 2017இல் ‘150 போர்ட்ரெய்ட் டோன்’ என்ற பெரிய சுவரோவியம் செய்தார். 2016இல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பினத்தவரைக் காரில் வைத்தே போலீஸ்காரர் சுட்டபோது, பக்கத்தில் இருந்த காதலி ஃபேஸ்புக் நேரலையில் பேசிய சொற்கள்தான் அதன் உள்ளடக்கம். பெரிய எழுத்துகளில், கறுப்பு, வெளிர்ச்சிவப்பு. தலைப்பு ஒரு பெயின்ட் டப்பாவின் பெயர். முகத்தின் நிறம் என்று கம்பெனி விற்கும் அந்தப் பெயின்ட் வெள்ளையரின் தோல் நிறம். அந்தத் தலைப்பு குத்துகிறது. ஆனால் படத்தின் முன்னால் நின்றால் படிக்கிறோம், படித்ததும் வேலை முடிகிறது. அந்தப் பெண்ணின் சொற்களுக்கு இருக்கும் பலத்தின்மேல் ஓவியம் எதையும் சேர்க்கவில்லை. லண்டன் அமெரிக்கத் தூதரகத்தில் 32 கேன்வாஸ்களில் அரசியல் சாசனத்தை எழுதியதும் எனக்கு இதே ரகம்தான். எழுத்து தெளிவாகத் தெரிய ஆரம்பித்தால் இவருடைய காகிதத்துக்கு வேலை போய்விடுகிறது. எழுத்து பாதி அழிந்து, எது என்று சொல்ல முடியாமல் கிடக்கும்போதுதான் இவர் ராஜா. கடைசிச் சில வருஷங்களில் தலைப்புகளில் புராணம், வரைபடம், தாவரம் என்று கனம் கூடிக்கொண்டே போகிறது. கனத்தைக் கேன்வாஸ் தாங்குகிறதா என்பது படத்துக்குப் படம் மாறுகிறது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் அமெரிக்க ஓவியரைப் பற்றி எழுத முடியாது போலிருக்கிறது. 2018 மார்ச்சில் லண்டன் ஃபிலிப்ஸ் ஏலத்தில் அவருடைய ‘ஹெல்டர் ஸ்கெல்டர் 1’ கிட்டத்தட்ட 1.2 கோடி டாலருக்குப் போனது. விற்றவர் டென்னிஸ் ஆட்டக்காரர் ஜான் மெக்கன்ரோ. நடுவரைத் திட்டியே பேர் வாங்கியவர், இவ்வளவு நுணுக்கமான ஒரு படத்தை வாங்கி வைத்திருந்திருக்கிறார்! வாங்கியது லாஸ் ஏஞ்சலிஸின் பிராட் மியூசியம். உயிரோடிருக்கும் ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர் ஒருவருக்கு ஏலத்தில் அதுவரை கிடைத்த அதிகபட்ச விலை என்று பேசப்பட்டது. மே மாதமே கெர்ரி ஜேம்ஸ் மார்ஷலின் படம் ஒன்று அதைத் தாண்டிவிட்டது. ஏல விலையில் ஓவியருக்கு நேரடியாக ஒன்றும் வராது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அவருக்கு வந்த பணத்தில் ஒரு பங்கு லைமெர்ட் பார்க்குக்கே திரும்பியது. 2014இல் துணைவர் ஆலன் டிகாஸ்ட்ரோ, கலைச் சேகரிப்பாளர் எய்லீன் ஹாரிஸ் நார்ட்டன் ஆகியோரோடு சேர்ந்து ‘ஆர்ட் பிளஸ் பிராக்டிஸ்’ என்ற அமைப்பை அங்கே தொடங்கினார். ஒரு பக்கம் கண்காட்சிக் கூடம், பார்க்கக் காசு கிடையாது. இன்னொரு பக்கம், அரசுப் பராமரிப்பு இல்லங்களில் வளர்ந்து, பதினெட்டு வயதானதும் வெளியே வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு வேலையும் இடமும் தேடிக்கொடுக்கும் பணி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளை யாரும் உட்காரவைத்துப் படம் வரையச் சொல்லவில்லை.

பார்க்க நினைப்பவர்களுக்கு: லாஸ் ஏஞ்சலிஸ் போனால் பிராட் மியூசியத்தில் அவருடைய படங்கள் பல இருக்கின்றன. பொது நுழைவு இலவசம். எல்லாம் ஒரே நேரத்தில் மாட்டப்பட்டிருக்காது, அதனால் எது வெளியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். 2018இல் செய்த ‘டீப் ப்ளூ’ மாட்டியிருந்தால் விட்டுவிடாதீர்கள். 1965இல் வாட்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தின் வரைபடத்தை வைத்துச் செய்த, ஐம்பது அடி நீளப் படம் அது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நடந்து பாருங்கள். மியூசியத்துக்கெல்லாம் நேரமில்லை என்பவர்களுக்கும் வழி உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தின் டாம் பிராட்லி பன்னாட்டு முனையத்தில், பாதுகாப்புச் சோதனை வரிசைக்கு மேலே, பிளைவுட் பலகைகள் அடித்த நாலு பக்கப் பெட்டி ஒன்று தொங்கும். விளையாட்டு அரங்கத்தில் ஸ்கோர் காட்டும் திரை வடிவம், ஆனால் திரையில் ஸ்கோர் கிடையாது, தேய்ந்த சுவரொட்டிதான். 2014இல் இவர் செய்த ‘பெல் டவர்’ அது. பையை டிரேயில் போட்ட பிறகு ஒரு நிமிஷம் கிடைத்தால் அண்ணாந்து பாருங்கள், பின்னால் இருப்பவர் முறைத்தாலும் பரவாயில்லை.